வங்காலை றோசம்மாவின் விருப்பப் பாட்டு

மே 2, வெள்ளி

இதை எழுதி முடித்ததும் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். வெள்ளிதோறும் வானொலி நேயர் விருப்பத்துக்குக் குறுஞ்செய்தி போட்டு "வாடிக்கு வாறன்" பாட்டைக் கேட்கும் எருக்கலம்பிட்டிப் பாத்தும்மா நான்தான். அந்தப் பாட்டைப் பாடியவனும் நான்தான். ஐம்பத்திரண்டு வயது, நரைத்த மீசை, சீனி வருத்தம் – பாத்தும்மா.

ஒரே ஆறுதல் வங்காலை றோசம்மா. அவவும் கிழமை தவறாமல் அதே பாட்டைத்தான் கேட்கிறா. எங்கள் "சுழியோடிகள்" குழுவுக்கு உலகத்தில் உள்ள ஒரேயொரு உண்மையான ரசிகை.

மே 5, திங்கள்

அக்காவின் மகள் டினோஜா கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் வேலை செய்கிறாள். எங்கள் பழைய கசற்றைத் துப்புரவாக்கி, "சுழியோடிகளின் தெரிந்தெடுத்த பாடல்கள்" என்று வெளியிடப் போகிறாளாம். நாங்கள் மொத்தம் செய்ததே பதினொரு பாட்டு. கடும் போட்டிக்குப் பிறகு பதினொன்றும் தெரிவாகியிருக்கின்றன.

துள்ளி ஆடுற பைலாவும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. மூன்று நிமிடம், இரண்டு கிற்றார், நிறையக் கைதட்டல். கலியாண வீடுகளில் ஆட எழும்பியவர்கள் எந்தக் காலை முதலில் வைப்பதென்று தெரியாமல் திரும்பவும் கதிரையில் போய் இருந்துவிடுவார்கள்.

"சனூன் அங்கிளும் ஓம் எண்டு சொல்லவேணும் மாமா. எழுதினதெல்லாம் அவர்தானே" என்றாள்.

அங்கேதான் சிக்கல். சனூன் என்னோடு கதைத்து இருபத்தொரு வருஷம்.

மே 8, வியாழன்

இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தரம் சேர்ட் மாற்றினேன். எங்கும் போகவில்லை.

மே 9, வெள்ளி

சரி, எழுதித் தொலைக்கிறேன். வாடி என்றால் மீன்பிடிக் காலத்தில் கரையில் போடும் கொட்டில். சனூன் எழுதியது தன் வாப்பாவின் வாடியைப் பற்றி. நான் செய்தது என்ன? ஒரு கலியாண வீட்டில் "வாடீ..." என்று நீட்டி இழுத்து, பெண்ணின் தங்கச்சிமாரைப் பார்த்துக் கண்ணடித்தேன். "க்கு" வருவதற்குள் பெண்ணின் தகப்பன் மைக் வயரைப் பிடுங்கிவிட்டார். எவனடா இதை எழுதினது என்று மனுசன் கேட்க – நான் சனூனைக் காட்டினேன்.

அவன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு சிலாவத்துறை பஸ்ஸில் ஏறிவிட்டான்.

எழுதினது அவன்தானே, நான் பொய் சொல்லேல்லையே? இருபத்தொரு வருஷமாக இதைச் சொல்லித்தான் என்னை நானே பேய்க்காட்டுகிறேன்.

மே 11, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு வங்காலைக்குப் போனேன். றோசம்மாவைக் கூட்டிப்போய்ச் சனூனுக்கு முன்னால் நிறுத்தினால் மனம் இளகுவான் என்று ஒரு திட்டம். விசாரித்ததில் ஏழு றோசம்மா அகப்பட்டார்கள். ஆறு பேர் வானொலியே கேட்பதில்லை. ஏழாமவ, "என்னத்துக்கு என்னைத் தேடுறீர்?" என்று கேட்டுவிட்டுப் புருசனையும் கூப்பிட்டா. மோட்டார்சைக்கிள் முதல் உதையிலேயே ஸ்ராட் ஆனது கர்த்தரின் கிருபை.

மே 14, புதன்

தனியாகவே போனேன். சனூன் முற்றத்தில் படகு எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று பகிடி பாடமாக்கிக்கொண்டு போனவன், மூன்றையும் விட்டுவிட்டேன்.

"மச்சான், அண்டைக்குப் பிழை என்ரதான்."

அவன் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் மனைவி றிஸானா தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனா.

"உனக்காக இல்ல, கிறகரி" என்றான் கடைசியில். "எருக்கலம்பிட்டியில ஒரு பாத்தும்மா இருக்கிறா. கிழமைக்குக் கிழமை நம்மட பாட்டைக் கேக்கிறா. அந்த மனுசிக்காக ஓம்."

தேத்தண்ணி எனக்கு மூக்கால் வந்தது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கைத்தொலைபேசி இலக்கம் தந்தான், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

அட்டையில் பாத்தும்மாவுக்கு நன்றி போடச் சொல்கிறான் சனூன். றோசம்மாவையும் போடுவோம் என்றேன். "அவ வேணாம், விடு" என்றான். எரிச்சலாக இருந்தது. இவனுக்கு அந்த மனுசி என்ன செய்தா?

மே 23, வெள்ளி

பாடல்கள் வெளிவந்துவிட்டன. றோசம்மாவுக்கு நானே சொல்லவேண்டும் என்று அறிவிப்பாளர் முஸ்பிராவிடம் கெஞ்சி அவவின் இலக்கத்தை வாங்கினேன். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் பெயர் விழுந்தது: சனூன், சிலாவத்துறை.