தண்ணீர் கேட்காத தோட்டம்

மரக்காணம்
12.2.2006

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் வீடும் நல்லபடி இருக்கிறோம், என் முட்டி மட்டும் முரண்டு பிடிக்கிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க நம் அம்மன் துணை இருப்பாள். போன் பேசினால் லைன் போய்விடுமோ என்ற பயத்திலேயே சாப்டியா தூங்கினியா என்று கேட்டு முடித்துவிடுகிறோம், எப்படி இருக்கீங்கப்பா என்று நீ கேட்டால் நல்லா இருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. தோட்டத்தைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்ச் சேதி. சுனாமிச் சேற்றை வாரிவிட்டுப் புதிதாக மிதித்த பாத்திகளில் இந்த வருஷம்தான் உப்பு வெள்ளையாக இறங்குகிறது. முட்டி என்னை இறங்க விடுவதில்லை, வரப்பில் நின்று வாய் வேலை மட்டும் பார்க்கிறேன், என்னோடு இத்தனை வருஷம் பாத்தி மிதித்த சுப்ராயன்தான் ஆட்களை வைத்து வாருகிறான். பொங்கல் கழிந்து கிளியனூரிலிருந்து உன் அத்தை சின்னப்பாப்பா வந்தாள். எனக்கு மூத்தவள் என்கிற அதிகாரம் இன்னும் குறையவில்லை, வந்ததும் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்துவிட்டு இதையாடா மூணு வேளையும் துன்றே என்றாள். பின்பக்கம் போய் உன் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்குது, ஆனா யாருக்குடா இத்தனை நாற்காலி என்று கேட்டாள். என் கூடவே வந்துடு என்று கூப்பிட்டாள், உப்பு வாருகிற காலத்தில் எப்படி வர முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன வருஷம் அம்மாவின் தெவசத்துக்கு நீ வந்தபோது அவள் வைத்த மல்லியும் கனகாம்பரமும் கருகிக் கிடந்ததைப் பார்த்து அழுதாய். உங்களால இனிமே குடம் தூக்க முடியாதுப்பா, தண்ணியே கேக்காத செடியா வெச்சிட்டு நடுவுல எல்லாரும் உக்காந்து பேசற மாதிரி இடம் பண்ணிடலாம், நாங்க வந்தா அங்கயே சாப்பிடலாம், அங்கயே படுக்கலாம் என்று சொன்னாய். நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். ஓரமெல்லாம் சோத்துக்கத்தாழை, நித்தியகல்யாணி, மதிலோரம் காகிதப்பூ, வேம்படியில் சிமெண்ட் பெஞ்சு, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, வெளி அடுப்பு, மரத்தில் ஒரு டியூப் லைட். தரையைச் சமன் செய்கிற வேலைக்குத்தான் சுப்ராயனைக் கூப்பிட்டேன். அங்கேதான் கோளாறு நடந்தது. அவனுக்கும் எனக்கும் தரை என்றால் ஒரே தரைதான் தெரியும். களிமண் கொட்டி, தண்ணீர் விட்டு, உப்புப் பாத்தி மிதிப்பதுபோல இரண்டு பேரும் மிதிமிதி என்று மிதித்தோம், முட்டி வலி கூட அன்றைக்குத் தெரியவில்லை. ஒரு சொட்டுக் கசியாது, ஒரு நூல் மேடு பள்ளம் கிடையாது. கைப்பழக்கத்தில் சுற்றிலும் வரப்பும் கட்டிவிட்டோம். ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு பெருமை. தண்ணீர் போக வழி விட வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, பாத்தியில் நாம் எதற்கு வழி விடப்போகிறோம்.

ஐப்பசி மழை எப்படிக் கொட்டியது என்று டிவியிலேயே பார்த்திருப்பாய். மறுநாள் கொல்லைக் கதவைத் திறந்தால் தோட்டம் முழுக்க முழங்கால் தண்ணீர், உன் நாற்காலி ஆறும் மிதந்து சுற்றி வருகின்றன. பக்கத்து வீட்டு மங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஏங்க, உப்பு எப்ப வாரப் போறீங்க, எங்களுக்கும் ரெண்டு படி குடுங்க என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அவ்வளவுதான், தெருவே வந்துவிட்டது. ஆளாளுக்குச் சிமெண்ட் பெஞ்சில் ஏறிக் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டு என்னையும் சுப்ராயனையும் ஓட்டினார்கள், மங்கம்மா டீ போட்டுக் கொண்டு வந்தாள். அம்மா போனதற்கு அப்புறம் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு சுப்ராயன் மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டான். தண்ணீர் வடிந்தது, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கத்தாழை மட்டும் அழுகிப்போனது, மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது. இப்போது தரை நன்றாகக் காய்ந்து கிடக்கிறது.

நீ நினைத்தபடியே தோட்டம் ஒரு வேலையும் வைக்கவில்லை, கண்ணு. நித்தியகல்யாணி தானாகப் பூக்கிறது, வேப்பஞ்சருகைக் கடல்காற்றே வாரிக்கொண்டு போய்விடுகிறது. அம்மாவின் மல்லி அப்படியா, ஒரு வேளை தண்ணீர் இல்லை என்றால் தலையைத் தொங்கப் போட்டுவிடும், அவளும் குடத்தோடு போய் அதைத் திட்டிக்கொண்டே ஊற்றுவாள், யாரோ விருந்தாளியோடு பேசுவது மாதிரி இருக்கும். நான் டீயைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் அங்கே என்னைக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் உட்காருகிறேன், எழுந்து வந்துவிடுகிறேன். பொங்கலுக்கு வருகிறோம் என்று நீ சொன்னதை நம்பி வெளி அடுப்புக்கு விறகு கூடப் பிளந்து வைத்திருந்தேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், அவர் மேல் தப்பில்லை, பிழைக்கப் போன இடம். மே மாசம் பாக்கலாம்ப்பா என்று சொன்னாய் பார், அந்தப் பாக்கலாம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போட்டோ சேதிக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோக்காரர் வந்து, நீங்களும் உக்காருங்க, ஆள் இல்லாம தோட்டம் நல்லா வராது என்றார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன், எடுத்துவிட்டார். மற்ற ஐந்தும் காலியாக இருந்தது எனக்கே பார்க்கச் சங்கடமாகிவிட்டது. உடனே போய் சுப்ராயனையும் அவன் பெண்சாதியையும் மங்கம்மாவையும் அவள் மகனையும் மருமகளையும் கூப்பிட்டு வந்து உட்கார வைத்து இன்னொன்று எடுக்கச் சொன்னேன். சுப்ராயன் தலை சீவிக்கொண்டு வந்த லட்சணத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்தச் சிரிப்பு அப்படியே போட்டோவில் விழுந்திருக்கிறது, பார்ப்பதற்குக் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. எடுத்து முடித்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

அந்தக் கல்யாண வீட்டுப் போட்டோவைத்தான் முதலில் கவரில் வைத்தேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நீ அதை மாப்பிள்ளையிடம் காட்டுவாய், அவரும் மாமாவுக்கு என்ன, தோட்டம் நிறைய ஆள் இருக்காங்களே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்பார், நீயும் நிம்மதியாகத் தூங்குவாய். உன்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த ஒரு தடவை சொல்லப் போவதில்லை. அதை எடுத்துவிட்டு நான் மட்டும் இருக்கிற போட்டோவை வைத்திருக்கிறேன். நன்றாகப் பார். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, கீதா. மே மாசம் வந்துவிடு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றால் நீயும் பாப்பாவும் மட்டுமாவது வாருங்கள்.

பாப்பாவுக்குச் சளி என்றாயே, பிரிட்ஜ் தண்ணீர் கொடுக்காதே, துளசி கிடைக்காவிட்டால் சுக்காவது தட்டிப் போடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பாப்பாவுக்கு முத்தம், மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ மேலேயிருந்து அம்மாவும் இங்கிருந்து நானும் ஆசீர்வதிக்கிறோம்.

டிக்கெட் போட்டதும் உடனே தேதியைச் சொல்லிவிடு, மறக்காதே. இந்த உப்புக்காற்றில் நாற்காலியெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. நான் உட்காருவது ஒன்றில்தான் என்றாலும் காலையில் ஆறையும் துடைத்துத்தான் வைக்கிறேன், உன் தோட்டத்தில் எனக்கு இருக்கிற ஒரே வேலை அது.

இப்படிக்கு,
உன் அப்பா
கலியமூர்த்தி