எழுத்தில் தரவும்

மாம்புரி
2024 ஜனவரி 8

திருமதி ம. ஸபீனா,
நண்டுச்சதைப் பிரிவு.

இம்மாதம் முதல் நமது தொழிற்சாலையில் புதிய அமைப்பு முறை நடைமுறைக்கு வருகிறது. சுவரில் ஒட்டப்பட்டுள்ள பதவி வரிசைப் படத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய பெட்டி காட்டப்பட்டுள்ளது. 'மேசைத் தலைவி' என்ற பதவி அதில் இல்லை. தாங்கள் இனி மேற்பார்வையாளர் நிலுக்சனின் கீழ், சாதாரண ஊழியராகப் பணிபுரிவீர்கள்.

ஒருவரின் சதைத் தட்டை இன்னொருவர் நிரப்புவது தடை. மீறினால் பணிநீக்கம். மாதந்தோறும் அதிகம் சதை எடுப்பவர் சிறந்த ஊழியராகத் தெரிவாவார்; அவரது படம் வாசலில் மாட்டப்படும். முறைப்பாடுகளை எழுத்தில் தரவும்.

யூஜினி கில்பட்
முகாமையாளர்

2024 ஜனவரி 11

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

எழுத்தில் தரச் சொன்னீர்கள், தருகிறேன். கொப்பித் தாளுக்கு மன்னிக்கவும். கடைசிப் பெட்டியில் உள்ளவர்களுக்கு வேறு தாள் கிடையாது.

பதினொரு வருடமாக அந்த மேசையில் யாருக்குப் பக்கத்தில் யாரை இருத்துவது என்று பார்த்தவள் நான். புதிதாக வருகிறவளை எமிலியாவுக்குப் பக்கத்தில் இருத்துவேன். எமிலியாவுக்குக் கை வேகம், கோபம் குறைவு. காய்ச்சலோடு வந்தவளின் தட்டை இரு பக்கத்திலும் இருப்பவர்கள் நிரப்புவார்கள். நாளைக்குத் தனக்கும் காய்ச்சல் வரும் என்று தெரிந்ததால் ஒருத்தியும் ஏய்க்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்திருக்கிறீர்கள்.

நேற்று மக்தலேனாவின் கையில் நண்டின் ஓடு ஆழமாகக் குத்தி ஏறிவிட்டது. ஒரு பிடி சதையை அவள் தட்டில் வைத்தேன். "எடுங்க ராத்தா, இப்ப அதுக்கு இடமில்ல" என்றான் நிலுக்சன். எடுத்தேன். என் கையாலேயே எடுத்தேன்.

ஒரு கேள்வி. யூஜினி என்று ஒரு பிள்ளை டிப்ளோமா வகுப்புக்காகப் பின்னேரம் மூன்று மணிக்கே ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் புத்தளம் பஸ்ஸுக்கு ஓடுவாள். இரண்டு வருடம் ஓடினாள். ஐந்து மணிக்கு அவளுடைய தட்டு மட்டும் எப்படி நிறைந்திருந்தது?

இப்படிக்கு,
ஸபீனா
கடைசிப் பெட்டி

2024 ஜனவரி 14, ஞாயிறு

அன்புள்ள ராத்தாவுக்கு,

இதை முகாமையாளராக எழுதவில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். உம்மாவின் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது?

நீங்கள் கேட்டது சரி. ஆனால் அந்தக் கதையை எழுத்தில் போடாதீர்கள். ஊழியர் கடிதங்கள் அலுவலகக் கோவையில் ஏறும், அந்தக் கோப்பு அப்படியே கொழும்புக்குப் போகும். தட்டில் ஏமாற்றிப் படித்தவள் என்று தெரிந்தால் ஒரு நாளும் என்னை வைத்திருக்கமாட்டார்கள். உங்கள் கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது.

யார் எவ்வளவு உழைக்கிறாள் என்று தெரியாமல் ஒருத்தியை எப்படி ஊக்கப்படுத்துவது? போட்டியும் பாராட்டும் இருந்தால்தான் மனிதருக்கு உற்சாகம் வரும் என்று படித்தேன். அதை நம்புகிறேன். மாத முடிவில் கொழும்பிலிருந்து பணிப்பாளர் சபையினர் பரிசு கொடுக்க வருகிறார்கள். இந்த ஒரு தடவை எனக்காக மேசையை உற்சாகமாக வைத்திருங்கள்.

உங்கள்
யூஜினி

2024 ஜனவரி 16

யூஜினி,

உம்மா சுகம். மேசையும் உற்சாகமாகத்தான் இருக்கிறது. இப்படி ஒரு உற்சாகத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். பரிசு நாளுக்கு நல்ல சாரியாக உடுத்து வா.

ஸபீனா

2024 பெப்ரவரி 1

ராத்தா,

என்ன வேலை செய்தீர்கள்? தாளில் இருந்த சதை நிறையைப் பார்த்துப் பரிசுக்குரிய பெயரை வாசித்தேன்; ஆளைப் பார்க்கவில்லை, அது என் பிழை. மக்தலேனா மேடைக்கு வந்து கையை நீட்டினாள். மணிக்கட்டு வரை கட்டு. "இந்தக் கையாலயா மாசம் முழுக்க முதலிடம்?" என்று பணிப்பாளர் சபைத் தலைவர் கேட்டார்.

"இந்தக் கையால இல்ல ஐயா. மேசையில நாப்பது கை இருக்கு" என்றாள்.

மண்டபமே சிரித்தது. பரிசுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் சிரிக்க வேண்டியிருந்தது. பிறகு அறையில் தலைவர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தச் சதை குறையவில்லையே. நீ இல்லாமலே இவர்கள் நடத்துகிறார்கள்" என்றார். திங்கட்கிழமைக்குள் மேசைத் தலைவியைத் திரும்ப வைக்க வேண்டுமாம். முடியாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள்.

தயவுசெய்து பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

யூஜினி

2024 பெப்ரவரி 3

யூஜினி,

ஓம், நான்தான். நிலுக்சன் தேத்தண்ணிக்குப் போகும் பத்து நிமிடம் எங்களுக்குப் போதும். ஒருத்தி ஒரு பிடி வீதம் மக்தலேனாவின் தட்டில். நான் வாய் திறக்கவில்லை, ஒரு தடவை கண்ணைக் காட்டினேன்.

உன் முகம் கறுத்ததைப் பார்க்கவே முன்வரிசையில் இடம் பிடித்திருந்தேன். வயிறு குளிர்ந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், இன்னும் குளிர்ந்தபடிதான் இருக்கிறது. மக்தலேனாவின் தட்டிலிருந்து அந்தப் பிடியை எடுக்கவைத்தாயே, அதை மறக்கமாட்டேன்.

நான் வேண்டுமென்றால் மேசைக்கு வா. இருபது பேர் முன்னால், வாயால் கேள்.

ஸபீனா

2024 பெப்ரவரி 6

ராத்தா,

நேற்று வந்தேன். பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, என் பழைய இடத்தில் நின்று, இருபது பேர் முன்னால் கேட்டேன். நீங்கள் தலை நிமிரவில்லை. நண்டை உடைத்தபடியே, "எழுத்துல தாங்க, மிஸ்" என்றீர்கள். மேசை முழுக்கச் சிரித்தது. மக்தலேனா மட்டும் சிரிக்கவில்லை.

சரி, தருகிறேன். உங்கள் கடிதங்கள் மூன்றும் இந்த உறைக்குள் இருக்கின்றன. கோவையில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கீழே உள்ளது அலுவலகக் கடிதம். அதன் பிரதியைக் காலையிலேயே தபாலில் போட்டுவிட்டேன்.

என் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க உங்களிடம் ஒரு கதை இருந்தது. அதை நானே சொல்லிவிட்டேன். இனி என்னை எதைக் கொண்டு அடிப்பீர்கள், ராத்தா?

யூஜினி

திருமதி ம. ஸபீனா இன்று முதல் மேசைத் தலைவியாக நியமிக்கப்படுகிறார்.

டிப்ளோமா படித்த இரண்டு வருடமும் என் தட்டை மேசையில் இருந்த மற்றவர்களே நிரப்பினார்கள். நிரப்பியவர்களின் பெயர்கள் எனக்கு நினைவில்லை. அவர்களின் உழைப்பில்தான் நான் முகாமையாளர் ஆனேன். எனது ஜனவரி 8ஆம் திகதிய விதிப்படி, இன்றுடன் பணியிலிருந்து நீங்குகிறேன்.

யூஜினி கில்பட்

பிரதி: பணிப்பாளர் சபைத் தலைவர், கொழும்பு.