உன் மகன் யார் கையும் இல்லாமல் தூங்குகிறான், அக்கா

என் செல்ல அக்கா பாக்கியத்துக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். தெரிந்தேதான் எழுதுகிறேன். இதை மடித்துப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கப் போவதில்லை. யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் படிக்கட்டும். செம்பட்டியில் உன் புகுந்த வீட்டாரும் படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் மகன் கதிரேசன் தூங்குகிறான். யார் மடியிலும் இல்லை, யார் தோளிலும் இல்லை. என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், வெறும் பாயில், காலைப் பரத்திக்கொண்டு கிடக்கிறான். மெஷின் தடதடவென்று ஓடினாலும் அசையவில்லை. இந்த மத்தியானத்தில் இரண்டு ரவிக்கை தைத்துவிட்டேன் என்றால் நம்புவாயா?

இதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்வதற்கு முன்னால், நீ பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

முதல் பிள்ளைக்குத் தாய்மாமன் தொட்டில் கொண்டுவருவது வழக்கம். நமக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும்தான் தூளி கட்டப் புதுச் சேலையும் கயிறும் வாங்கிக்கொண்டு வந்தோம். உன் மாமியார் அதை வாசலிலேயே நிறுத்தினாள். அவள் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் கிடக்கிறது.

"எங்க வீட்டுப் பிள்ளை சேலையில ஆடாது. உங்க பக்கமிருந்து மரத்தொட்டில் வரட்டும். அதுவரைக்கும் அவ கையே தொட்டிலா இருக்கட்டும்."

மரத்தொட்டில் வாங்க எங்களிடம் காசு இல்லை. பாயிலாவது போடுகிறேன் என்று நீ கேட்டாய். சீர்த்தொட்டில் காணாத பிள்ளையைத் தரையில் கிடத்தினால் வீட்டுக்கு ஆகாது என்றாள். நீயும் கேட்டுக்கொண்டாய். எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற உன் குணத்தை நினைத்தால் உன் மேலும் எனக்குக் கோபம் வருகிறது அக்கா.

அப்புறம் காய்ச்சல் கண்டது. திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்து காட்டினோம். நன்றாகப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ எங்கே படுத்தாய்? சுவரில் முதுகைச் சாய்த்து, பிள்ளையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே கண்ணசந்தாய். உன் மாமியார் ஒரு தரம் கை நீட்டி வாங்கவில்லை. மச்சான் வாயில் கொழுக்கட்டை. உன் கணவர் என்பதால் இதற்கு மேல் அவரைப் பற்றி எழுதவில்லை.

காய்ச்சல் முற்றிப் போய்விட்டாய் என்று டாக்டர் சொன்னார். விதி என்று ஊர் சொன்னது. உன்னைப் படுக்கவிடாமலே கொன்றாள் என்று நான் சொல்கிறேன்.

காரியம் முடிந்த அன்றே பிள்ளையை என் கையில் திணித்தார்கள். "இந்த அழுகையை எங்களால தாங்க முடியாது. கொஞ்ச நாளைக்கு நீயே வச்சுக்க" என்றாள் உன் மாமியார். நீ கட்டியிருந்த சின்னாளபட்டிச் சேலை ஒன்று கொடியில் கிடந்தது. வெளுக்கப் போடும் துணிகளோடு அதுவும் போயிருக்கும். நான் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உன் மகனுக்குத் தூக்கம் என்றால் கை. கை இல்லாவிட்டால் தூக்கம் இல்லை. தோளில் போட்டால் தூங்குவான். பாயில் முதுகு பட்டதும் சுட்டதுபோல் அலறுவான். நான் ஒரு கையால் சோறு பொங்கினேன். மெஷின் மேல் தூசி படிந்தது. தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையிலிருந்து வந்து வாங்கிக்கொள்ளும் வரைக்கும் தோளிலேயே கிடந்தான்.

பக்கத்து வீட்டு ஜமீலாக்காவை உனக்கு நினைவிருக்கும். உன் கல்யாணத்துக்குப் பூத்தொடுத்தவர். ஒருநாள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்டி சரசு, பிள்ளைய எறக்கி விடேன். தரையில முள்ளா கெடக்கு?"

"எறக்குனா முழிச்சிர்றான்க்கா."

"முழிக்காம என்ன செய்வான்? கையில தூங்குனவன் பாயில முழிச்சா, யாரோ ஏமாத்திட்டாகன்னு தோணாதா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. அதுவரை அவன் நன்றாக அசந்த பிறகு திருட்டுத்தனமாகத்தான் இறக்கிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து கண் சொருகும்போதே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கினேன். உன் சேலையைப் பாயில் விரித்து, முதலில் நான் அதில் படுத்துச் சூடாக்கினேன். அவனை இறக்கும்போது முதலில் கால், பிறகு இடுப்பு, முதுகு, கடைசியாகத் தலை. தலை முதலில் இறங்கினால் விழுகிறோம் என்று பயப்படுகிறான். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். அழுவான். கை எடுக்கமாட்டேன், தூக்கவும் மாட்டேன். ரொம்பப் போனால் தூக்கித் தேற்றிவிட்டு மறுபடியும் இறக்குவேன். போகப் போகக் கையின் கனத்தைக் குறைத்தேன். பிறகு விரல் மட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெஷினை மிதித்தேன்.

அன்பால்தான் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். பாதி அன்பு. மீதி, 'அவ கையே தொட்டில்' என்ற அந்த வார்த்தைக்குப் பதில்.

அதற்குள் உன் மாமியாருக்குப் பேரன் நினைவு வந்துவிட்டது. மச்சானுக்கு மறுபடியும் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்வி. வாரிசை வெளியே விடலாமா? இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"இவ மெஷின் மிதிக்கிறவ. பெத்திருந்தாத்தான பிள்ளை அருமை தெரியும்? எங்க வீட்டுல பிள்ளைய எறக்கி வைக்காம ஏந்துறதுக்கு ஆளு இருக்கு" என்றாள்.

அன்று நான் பேசியிருந்தால் அசிங்கமாகிப் போயிருக்கும். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பெற்ற தகப்பன் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பெரியவர்களில் மூத்தவர்தான் வழி சொன்னார். "பிள்ளைக்கு வாய் இல்ல. அது எங்க அசந்து தூங்குதோ அங்க இருக்கட்டும். ஒரு மத்தியானம் செம்பட்டிக்குக் கொண்டாங்க. பாத்துருவோம்."

போனோம். உள்ளே நுழைந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அக்கா. நடு வீட்டில் சங்கிலி போட்டு மரத்தொட்டில் தொங்குகிறது. புதுசு, வார்னிஷ் வாடை கூடப் போகவில்லை. உனக்கு இல்லாத தொட்டில், பெரியவர்கள் பார்க்க வந்திருக்கிறது.

கதிரேசனை அதில் போட்டு ஆட்டினாள். அலறினான். தூக்கித் தோளில் போட்டு நடந்தாள். பழகாத தோள், இன்னும் அலறினான். ராராட்டுப் பாடினாள், தட்டினாள், நெஞ்சோடு இறுக்கினாள். முகமெல்லாம் சிவந்து, பிள்ளை விக்க ஆரம்பித்தான். மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்டக் குடும்மா" என்றார் பெரியவர்.

வாங்கினேன். அழுகை அடங்கும்வரை வைத்திருந்தேன். பிறகு உன் சேலையை அதே வீட்டுத் தரையில், நீ சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரோரம் விரித்தேன். "தரையிலயா போடுற?" என்று உன் மாமியார் வந்தாள். அதற்குள் பெரியவர், "வெறுந்தொட்டில் ஆடுது பாருங்க, பிடிச்சு நிறுத்துங்க, ஆகாது" என்றார். அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். நான் இறக்கினேன். கால், இடுப்பு, முதுகு, தலை. நெஞ்சில் கை வைத்தேன். எடுத்தேன். அவனுக்கு முதுகைக் காட்டித் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்சம் முனகினான். விரலைத் தேடி வாயில் வைத்தான். தூங்கிவிட்டான்.

நான் உன் மாமியார் பக்கம் திரும்பினேன். "தொட்டில் நல்லா இருக்கு அத்தே. முந்தியே வாங்கியிருந்தா எங்கக்கா கொஞ்ச நேரம் படுத்திருப்பா."

அவள் தொட்டிலை விடவே இல்லை.

பிள்ளை என்னோடு வந்துவிட்டான். இப்போது எங்கள் சந்துக்கும் கரண்டு வந்துவிட்டது. நான் நிறையத் தைக்கிறேன். உன் மகனுக்கு நான்கு பல். ஒன்றை மட்டும் உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆசையாக மடியில் போட்டுத் தட்டினால், என் மடியிலும் அவன் தூங்குவதில்லை. நெளிந்து நெளிந்து பாய்க்கு இறங்கிவிடுகிறான். அந்த நேரம் என் கை வெறுமையாக இருக்கிறது அக்கா. அதையும் உன் மாமியார் கணக்கில்தான் எழுதுகிறேன்.

அவள் இப்போது அடிக்கடி வருகிறாள். முருங்கைக்காயும் தேங்காயும் கொண்டுவருகிறாள். செம்பட்டி பஸ் வருகிற நேரம் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் பிள்ளையைப் பாயில் போட்டுவிடுவேன். "இப்பத்தான் கண்ணசந்தான் அத்தே, எழுப்ப வேணாம்" என்பேன். அவள் பாய் ஓரமாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் விழிப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

"போதும்டி சரசு. ஒரு தரம் கையில குடு, பாவம்" என்கிறார் ஜமீலாக்கா.

"எங்கக்கா கையிலேருந்து ஒரு தரம் வாங்குனாளாக்கா?" என்று கேட்டேன். நீ இருந்தால் என்ன சொல்வாய்? கொடு என்றுதான் சொல்வாய். அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை தாடிக்கொம்புக் கோயிலுக்குப் போனேன். பெருமாள் முன்னால் உன் மாமியார் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன். அவளுக்கு நோய் நொடி வரக்கூடாது, காது மந்தமாகக் கூடாது, நூறு வயது இருக்க வேண்டும் என்று விழுந்து கும்பிட்டேன். உன் மகன் வளர்ந்து, தன் அம்மா எப்படிச் செத்தாள் என்று ஒருநாள் கேட்பான். அன்று அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டுதான் அவனுக்குச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
கதிரேசனுக்குச் சித்தி,
சரசு