உன் முகம் இல்லாத படம்

அண்ணா,

ஞாயிறு மத்தியானம் டிவியில் நீ தொகுத்த முதல் படத்தைப் போட்டார்கள். குழம்பை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மாவைப் பறிகொடுத்த அந்தப் பெண் ஆஸ்பத்திரிப் படியிறங்கி, நேராகப் பேருந்தில் ஏறுகிறாள். பேச்சே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்காக. இத்தனை வருஷமும் நான் வெறுத்துக்கொண்டிருந்த இடம் அது.

நடிக்கப் போகிறேன் என்று நீ ஆரணியில் பஸ் ஏறியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. கல்யாணம் நின்றுபோகும் மாப்பிள்ளை, அடிவாங்கும் கான்ஸ்டபிள் என்று எட்டு வருஷம் ஓடிற்று. வேலையில்லாத நாட்களில் எடிட்டிங் அறையில் போய் உட்கார்ந்து, ஃபிலிமை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டாய். "இங்க யாரும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல, நான்தான் எல்லார் மூஞ்சியயும் பாத்துகினு இருக்கேன்" என்று போனில் சிரித்தாய்.

பிறகு இந்தப் படம். தொகுப்பு வேலையோடு அந்தப் பெண்ணின் அண்ணன் வேஷமும் உனக்கே கிடைத்தது. ஒரே காட்சிதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ உடைந்து அழ வேண்டும். அப்படியொரு காட்சி உனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னாய்.

அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். படம் முடிந்து விளக்கு போட்டார்கள். திரையில் நீ வரவேயில்லை. வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்: "நடுவுல தூங்கிட்டனாம்மா நானு?"

அடுத்த வாரம் நீ வந்தபோது வாசலிலேயே மறித்து, யார் வெட்டியது என்று கேட்டேன். நீதான் என்றாய். கடைசி நேரத்தில் எடுத்துவிட்டதாகவும், போன் செய்து சொல்லத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னாய். "நான் அழுவுறதப் பாத்துகினு இருந்தா அந்தப் பொண்ண மறந்துடுவாங்கம்மா." உனக்குக் கல்நெஞ்சு என்றேன். அப்புறம் வெகுநாள் உன்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்கு நீ உள்ளே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாய். "நீங்க தூங்கலப்பா. நான்தான் எடுத்துட்டேன்" என்றாய்.

அப்பா உன் பக்கம் திரும்பினார். "நல்லா நடிச்சிருந்தியா?"

"நடிச்சிருந்தேன்பா."

"எப்படி அழுத?"

வராந்தா எப்படி இருந்தது, எங்கே நின்றாய், எந்த வார்த்தையில் குரல் உடைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றேதான்.

அதற்குப் பிறகு நீ கேமரா முன்னால் நிற்கவேயில்லை. நிறையப் படங்கள் தொகுத்தாய். அப்பா போனார். சில வருஷத்தில் நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் சென்னை வந்து சேருவதற்குள் நீயும் போய்விட்டாய்.

எடுத்தது சரிதான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் மனதில் கிடந்து உறுத்துவது அதுவல்ல. ஏன் வெட்டினாய் என்று மட்டும்தான் கேட்டேன். எப்படி அழுதாய் என்று அப்பா கேட்டதுபோல் ஒருநாளும் நான் கேட்கவில்லை, அண்ணா.