நிமிர்ந்த கும்பிடு

பாரிவாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

புனேயில் மகன் வீட்டில் இருக்கும் என் மூத்த நாத்தனார் வரலட்சுமி அண்ணிக்கு, லோகநாயகி படுத்தபடியே வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு உங்கள் தம்பி சுகம். நானும் சுகம், கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே உள்ளதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் உம் கொட்டுவேன். லெட்டரில் உங்களால் குறுக்கே பேச முடியாது. மல்லாந்து எழுதினால் பேனாவில் மை இறங்கவில்லை, அதனால் பென்சில். மூன்றாவது வரை படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உங்கள் மகன் ராகவன் போன் செய்தான். உங்களுக்கும் ஸ்கேன் எடுத்ததில் எனக்கு வந்த அதே எலும்பு மெலிவு என்றான். “அத்தை, உங்களுக்கு எக்சர்சைஸ் சொல்லிக்குடுத்தாங்களே, அவங்க நம்பர் அம்மாவுக்கு வேணுமாம்” என்றான். சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் பெல்ட் கட்டியிருக்கிறேன், சிரித்தால் வலிக்கும். அப்படியும் சிரித்தேன்.

ரேஷ்மா கெட்டிக்காரப் பெண், அண்ணி. நம் கொல்லையை விற்ற இடத்தில் கட்டிய அடுக்குமாடியின் ஜிம்மில் எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். டாக்டர் சீட்டைப் படித்த பிறகுதான் என் கையையே பிடித்தாள். கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. “ஆன்ட்டி, முதுக வளைச்சுக் குனியாதீங்க, வெடுக்குனு திரும்பாதீங்க. கீழ கிடக்குறத எடுக்கணும்னா முட்டிய மடக்குங்க” என்று தினமும் சொல்வாள். எனக்குப் படியேற வந்தது. உங்கள் தம்பிகூட, “இன்னாடி இப்டி நிமிந்து நடக்குற, எலெக்சன்ல நிக்கப் போறியா” என்றார்.

நம் வீட்டு வழக்கம் அவளுக்கும் தெரியும். மகன் தாலி கட்டும் நேரம் வருமுன், பெற்றவள், வீட்டின் மூத்த பெண்ணின் காலில் விழ வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதற்கும் வழி பழக்கினாள். நாற்காலியைப் பிடித்து முட்டி போட்டு, முதுகு நேராக இருக்கக் கைகூப்புவது. என் மகன் மோகன் கல்யாணத்துக்காகவே பழகினேன்.

பூந்தமல்லி மண்டபத்தில் அப்படியேதான் கும்பிட்டேன். நீங்கள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னாடி லோகு, பேண்ட்டு போட்ட பொண்ணு சொல்லிக்குடுத்த கும்புடா? தல என் கால்ல படணும்” என்றீர்கள். முடியாது அண்ணி, டாக்டர் குனியக் கூடாது என்றிருக்கிறார் என்றேன். உங்கள் தம்பி, “குனிஞ்சிட்டுத்தான் போயேன், நேரமாவுது” என்றார். நீங்கள் என் பிடரியில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்தினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. பிறகு அரிசி போட்டீர்கள். வாசனையான மஞ்சள்.

அன்று பந்தியெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் படுத்தேன். அப்புறம் எழவில்லை. முதுகெலும்பில் ஒன்று நசுங்கிவிட்டதாம், இனி நேராக நிற்பது சந்தேகமாம். மருமகள் என்னைக் கட்டிலோடு வந்த சீதனம் என்று நினைக்கப் போகிறாள்.

நீங்கள் ஊருக்குப் போகுமுன் சொந்தக்காரர்களிடம், “கண்ட எக்சர்சைஸ் பண்ணி முதுக ஒடச்சிக்கினா” என்று சொன்னது என் கட்டில்வரை கேட்டது. உங்கள் தம்பி அதை வேதமாக எடுத்துக்கொண்டு அடுக்குமாடி சங்கத்தில் போய்க் கத்தினார். அவர்கள் ரேஷ்மாவை நிறுத்திவிட்டார்கள். இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். என்னைப் பார்க்க வந்தவள், “நான் எங்க ஆன்ட்டி தப்பு பண்ணேன்” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். நான் சொல்லி என்ன, உங்கள் தம்பிக்கு நான் பேசினால் காது கேட்காது, நீங்கள் பேசினால் மட்டும் கேட்கும்.

நம்பர் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது, அண்ணி. பொங்கலுக்கு வருகிறீர்களாமே. வந்ததும் உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போய், என் முதுகு எப்படி உடைந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவள் வேலைக்குத் திரும்பட்டும். உங்களுக்கும் அவளே சொல்லித் தருவாள், அந்த மனசு அவளுக்கு உண்டு. அதுவரை தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள், ராகவனைக் கூப்பிடுங்கள்.

என்னைப் பார்க்க வரும்போது கட்டில் மேல் குனியாதீர்கள், ஆகாது. நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன்.

உங்கள் எலும்பு நோகாமல் இருக்கட்டும். உங்கள் பிடரியில் யார் கையும் விழாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
லோகநாயகி