ரோஸ் தாள் இல்லாமல் வண்டி எடுக்க மாட்டேன்

இன்று காலை என் மகனின் லாரி முட்டை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்குப் புறப்பட நின்றது. அங்கிருந்து கப்பலில் வெளிநாடு போகிற முட்டை. காகிதங்களை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவன் கைபேசியைத் தூக்கிக் காட்டினான்.

"எல்லாம் இதுலயே இருக்குதுங்கப்பா. கஸ்டம்ஸுக்கும் ஆபீஸ்லருந்தே அனுப்பிட்டாங்க. காயிதமே வேண்டாமுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். வண்டி நம்பரை மட்டும் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

ஆமாம் மாப்ள, எனக்கு இப்போது படிக்கத் தெரியும். ஜேடர்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு. பஸ் பலகை, உர மூட்டை, தீப்பெட்டி என்று எதையும் விடுவதில்லை. இதையும் நானேதான் எழுதுகிறேன். ஒரு வரி முடிக்க ஒரு டம்ளர் டீ ஆறிவிடுகிறது, அவ்வளவுதான். நான் படிக்கக் கற்றுக்கொண்ட நேரம் பார்த்து நாட்டில் காகிதத்தையே எடுத்துவிட்டார்கள். இதில் உன் வேலை ஏதாவது இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரே லாரியில் நாம் இருவரும் மாறி மாறி ஓட்டிய காலத்தில், எனக்குக் காகிதம் என்றால் நிறம்தான். வெள்ளை, சரக்கு பில். மஞ்சள், செக்போஸ்டுக்கு. பச்சை, லாரி ஆபீசுக்கு. ரோஸ், மெட்ராஸ் துறைமுக வாசலுக்கு. நான்கு நிறமும் கைக்கு வந்தால்தான் சாவியைத் தொடுவேன். நீ படித்தவன். நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்ப்பாய்.

நாம் ஒன்று சேரும் முன்பே, எழுபதுகளில், எனக்கு ஒரு அடி விழுந்திருந்தது. துறைமுக வாசலில் ரோஸ் தாளைக் காணோம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து வேறு தாள் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கி ஜலகண்டாபுரத்துத் துணி முழுதும் நாறிப்போனது. ஓனர் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். அப்புறம் வெகுநாள் வெல்ல மண்டியில் மூட்டை சுமந்தேன். இன்னொரு முறை சாவி போனால் ஸ்டியரிங் பிடிக்க யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும்.

அதனால்தான், எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் சேலத்து ஆபீசில் ஒரே ஒரு நீள வெள்ளைத் தாளைக் கொடுத்தபோது நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளியே லாரியில் ஏற்றிக் கட்டிய துணி பேல்கள். மறுநாள் கப்பல்.

"மத்த மூணும் எங்க?" என்றேன்.

"மூணும் இதுக்குள்ளயே இருக்குது மாப்ள. தனித்தனியா எழுதறத ஒண்ணாக்கிட்டாங்க. வேல சுளுவாயிருச்சு" என்றாய் நீ.

"வேல சுளுவாகறதுன்னா யாருக்கு? மாட்டிக்கறது நாமல்ல?"

நீ அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தாய். அதையும் நான் நம்பவில்லை. அவசரத்துக்கு நீயே சேர்த்துப் படிக்கிறாய் என்று தோன்றியது. ஆபீஸ்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். மற்ற இரண்டும் போகட்டும், ரோஸ் தாள் இல்லாமல் வண்டி எடுக்க மாட்டேன் என்று நான் சாவியை மடியில் கட்டிக்கொண்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு மட்டும் ஹேண்ட் பிரேக்கு எப்பவும் போட்டே கெடக்குது" என்று சொல்லிவிட்டு நீ போனாய். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாய். கையில் ரோஸ் தாள், அதன் மேல் ஊதா நிறத்தில் முத்திரை.

"இந்தா. ஆபீஸ்ல மறந்துட்டாங்களாமா."

"நான் சொல்லல?" என்று எழுந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். நீ முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாய். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

துறைமுக வாசலில் இரண்டு தாளையும் நீட்டினேன். காவலர் வெள்ளையைப் பார்த்து முத்திரை குத்தினார். ரோஸைப் பார்த்தவர் முகம் மாறியது.

"சூரமங்கலம் மாதா கோயில் தேர்த்திருவிழா. அனைவரும் வருக. ஏன்யா, எனக்கும் அழைப்பா?"

வரிசையில் நின்ற டிரைவர்களெல்லாம் சிரித்தார்கள். நீ வண்டிக்கு அந்தப் பக்கம் போய் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உங்கள் பங்குக் கோயில் நோட்டீசில் ஆபீஸ் முத்திரையைக் குத்திக் கொடுத்திருக்கிறாய். வண்டியை உள்ளே விட்டுவிட்டார்கள். துணி கப்பலேறியது. என் சாவி என்னிடமே இருந்தது. நீ சொன்னது போலவே அந்த ஒற்றைத் தாள் போதுமாக இருந்தது.

ஆனாலும் அன்றிலிருந்து நீ படித்துச் சொன்ன எதையும் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் நான் விட்டதில்லை. நீயும் கோபித்துக்கொள்ளாமல், "அவருகிட்டயும் கேட்டுக்கோ, நான் டீ குடிச்சுட்டு வாரேன்" என்று போய்விடுவாய்.

நீ போய்விட்டாய் என்று உன் வீட்டிலிருந்து கார்டு வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார். நான் நம்பவில்லை. டீக்கடையில் ஒருவரிடம் கொடுத்தேன். அவரும் அதையே படித்தார். பேக்கரிக்காரரிடம் கொடுத்தேன். அவர் பாதியில் நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் பஸ் பிடித்துத் தனியாகச் சூரமங்கலம் வந்தேன். பஸ் பலகையை நானே படித்து ஏறினேன். கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே வந்து உன் கல்லின் முன்னால் நின்றேன். உன் பெயரை எழுத்துக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். இந்த முறை வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்று மகன் கிளம்பும்போது, "எல்லாம் சரிங்கப்பா, போயிட்டு வாரனுங்க" என்றான். சரி என்றேன். அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இத்தனை வருடமாய் என் சட்டைப் பையிலேயே கிடந்து மடிப்பு கிழிந்துபோன நம் தேர்த்திருவிழா ரோஸ் தாளை ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் செருகி வைத்தேன். எதற்கும் இருக்கட்டும். வண்டி திரும்பி வந்ததும் எடுத்துப் பழையபடி சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.