நல்லா நடிக்கிறா

ஜூலை 8, செவ்வாய்
பதினோராம் வகுப்புக்கு இன்று உளவியலில் புதுப் பாடம். கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் ஏன் யாரும் உதவப் போவதில்லை? ‘வேறு யாராவது போவார்கள்’ என்று எல்லோருமே நினைப்பதால். புத்தகத்தைப் படித்துக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். அதனால் வாயாடி என்று வகுப்பே கூப்பிடும் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். பாடத்தின் நடுவே எழுந்தாள், தள்ளாடினாள், சரிந்தாள். ஒருவரும் அசையவில்லை. அவள் எழுந்து கும்பிடு போட்டதும் ஒரே கைதட்டல். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி
ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். எழுத வரவில்லை.

ஜூலை 12, சனி
நேற்று வாயாடி மறுபடி விழுந்தாள். நான் சொல்லி விழவில்லை. வகுப்பு சிரித்தது. நானும் — நானும்தான் — “நல்லா நடிக்கிறா” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். ஓடிப்போய்த் தூக்கியவள் ஒரே ஒருத்தி. காய்ச்சல் என்று செவ்வாய்க்கிழமை வராதவள். என் பாடத்தைக் கேட்காதவள்.

“டீச்சர், நெத்தியில ரத்தம்” என்றாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். இன்னும் கண் விழிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா, “நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க டீச்சர்” என்றார். பாவி, நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
கண் விழித்துவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்
கணக்கு வாத்தியார் சமாதானம் சொல்கிறார். “கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. விடுங்க, உங்க மேல என்ன தப்பு?” என்ன தப்பா? மற்றவர்கள் பிள்ளைகள். எனக்கு என்ன கேடு? திரும்பி ஒரு பார்வை பார்த்திருக்கக் கூடாதா?

ஜூலை 16, புதன்
பார்க்கப் போனேன். வாயாடி அதிகம் பேசவில்லை. அம்மா மருந்து வாங்கப் போனதும் மெதுவாகச் சொன்னாள்: “நீங்க சொன்னது கேட்டுச்சு டீச்சர். நடிக்கலன்னு சொல்லத்தான் வாய் வரல.”

அம்மா திரும்பி வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. என் பக்கம் பார்க்காமல் மகளின் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

ஜூலை 17, வியாழன்
வகுப்பிலும் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது என்று. யாரும் தலை நிமிரவில்லை.

ஜூலை 28, திங்கள்
வாயாடி வந்துவிட்டாள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. பாடத்தின் நடுவே சட்டென்று பெஞ்சுக்கு அடியில் குனிந்தாள். அவ்வளவுதான். நான் ஓடிப்போய் மண்டியிடுவதற்குள் வகுப்பு முழுவதும் அவளைச் சுற்றி நின்றது. ஒருத்தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தே விட்டான்.

“பேனா மூடி விழுந்துடுச்சு டீச்சர்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக இடத்துக்குத் திரும்பினார்கள். நான் எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரமாயிற்று.